முயலைக் கொல்வது மயக்க மருந்து அல்ல

"முயல் மயக்க ஊசி தாங்காது சார்." வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் இதைச் சொல்கிறார். வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் சொல்கிறார். நாய்க்கும் மாட்டுக்கும் திறமையாக வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களில்கூடச் சிலர் மேசையில் முயலைக் கண்டதும் இதையே சொல்லி, "இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், விட்டுடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். கருப்பையில் கட்டியோடு வந்த பெண் முயலும், கடைவாய்ப் பல் கூர்ந்து வளர்ந்து நாக்கைக் கிழித்துக்கொண்டிருக்கும் ஆண் முயலும் வந்த கூடையிலேயே திரும்பிப் போகின்றன. இரக்கத்தோடு சொல்லப்படும் இந்த வார்த்தையால் எத்தனையோ முயல்கள் சிகிச்சையில்லாமல் வலியோடு செத்துப்போகின்றன. எனவே அதைச் சும்மா விட முடியாது.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 117 கால்நடை மருத்துவ மையங்களில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட சிறு பிராணிகளைக் கணக்கெடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. டேவிட் பிராட்பெல்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட அதன் முடிவுப்படி, மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம், முயல்களில் 1.39 சதவீதம். மொத்தம் 8,209 முயல்களில் 114 இறந்தன. நாயைவிட முயலுக்கு எட்டு மடங்கு ஆபத்து என்பது இதிலிருந்து தெளிவு. முயலுக்கு அறுவை சிகிச்சை செய்யச் சொல்லும் எவரும் இந்த எண்ணை மறைக்கக் கூடாது.

ஆனால் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதே ஆய்வின் மற்ற இரண்டு எண்களைப் பார்ப்பதில்லை.

முதலாவது, இறந்த முயல்களில் 64 சதவீதம் இறந்தது மேசையில் அல்ல. தையல் போட்டு முடித்து, மயக்க மருந்தை நிறுத்தி, கூண்டுக்கு மாற்றிய பிறகு இறந்தவை அவை. மயக்கம் கொடுக்கும்போதும் அறுவையின்போதும் நேர்ந்தவை எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மருந்தின் நச்சுத்தன்மைதான் காரணம் என்றால், மருந்து உடலில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான சாவு நிகழ வேண்டும். நிகழ்வதோ மருந்து இறங்கும் நேரத்தில். அந்த நேரத்தில் முயலின் உயிர் முக்கியமாக மூன்றைச் சார்ந்திருக்கிறது: உடம்பில் சூடு இருக்கிறதா, வலி அடங்கியிருக்கிறதா, வயிற்றுக்குள் ஏதாவது போகிறதா. மூன்றும் கவனிப்பைப் பொறுத்தவை.

இரண்டாவது எண் இன்னும் முக்கியமானது. ஆரோக்கியமான முயல்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் இறப்பு 0.73 சதவீதம். ஏற்கெனவே நோயுற்றிருந்த முயல்களில் 7.37 சதவீதம். அதாவது நல்ல உடம்போடு மேசைக்குப் போன முயல்களில் ஏறத்தாழ 137இல் ஒன்று இறந்தது. நோயோடு போனவற்றில் 14இல் ஒன்று. இடைவெளி பத்து மடங்கு. இப்போது "முயல் தாங்காது" என்ற நம்பிக்கை நடைமுறையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு வயதில் நல்ல உடம்போடு இருக்கும் பெண் முயலுக்குக் கருப்பை நீக்கம் வேண்டாம் என்று தள்ளிப்போட வைக்கிறது. நான்கு வயதில் சிறுநீரில் ரத்தம் கண்டு, எடை குறைந்து, வேறு வழியே இல்லை என்றான பிறகு அதே முயலை மேசைக்குக் கொண்டுவர வைக்கிறது. அங்கே அது இறந்தால், "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்கிறார்கள். 137இல் ஒன்றாக இருந்த ஆபத்தை 14இல் ஒன்றாக ஆக்கியது அந்தத் தள்ளிப்போடல்தான். இந்த நம்பிக்கை தனக்கான சாட்சியத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

அறுவை செய்யாவிட்டால் முயல் பத்திரமாக இருக்கும் என்ற கணக்கும் தவறு. பெண் முயலின் கருப்பையில் புற்று வருவது அரிய நோயல்ல. ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்த ஹாரி கிரீன் 1938லேயே தம் முயல் கூட்டத்தில் இந்தக் கட்டிகளை விரிவாக எழுதிவைத்தார். வயது ஏற ஏற இது பெருகும். சில இனங்களில் நான்கு வயதைத் தாண்டிய பெண் முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் காணப்பட்டிருக்கிறது. அது நுரையீரலுக்குப் பரவவும் செய்யும். வீட்டில் நன்றாக வளர்க்கப்படும் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வாழக்கூடியது. அப்படியானால் இளவயதில் நூறில் ஒன்றுக்கும் குறைவான ஆபத்து பெரிதா, வாழ்நாளின் நடுவில் பாதிக்குப் பாதி காத்திருக்கும் ஆபத்து பெரிதா?

இந்த நம்பிக்கை நம்மிடையே எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு பரவியது பெரும்பாலும் இறைச்சிக்காகவும் உரோமத்துக்காகவும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்கள் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் போன்ற இனங்களை விவசாயிகளுக்குக் கொண்டுவந்தன. பண்ணைக்கு அவை பெரிய பணி செய்திருக்கின்றன. ஆனால் பண்ணைக் கணக்கில் இறைச்சி முயல் சில மாதங்களில் விற்பனைக்குப் போய்விடும், நோயுற்றது கழிக்கப்படும். ஐந்து வயது முயலின் கருப்பை எப்படி இருக்கும் என்று பண்ணைக்காரர் பார்க்கும் வாய்ப்பே குறைவு. அறுவைக்குப் பிறகு ஒரு முயலை இரவு முழுவதும் காத்துப் பிழைக்கவைத்த அனுபவமும் அங்கே உருவாகாது. அனுபவம் இல்லாத இடத்தில் "தாங்காது" என்ற சொல் போய் உட்கார்ந்துகொண்டது.

தாங்குகிறது என்பதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பல பத்தாண்டுகளாக முயல்களுக்கு மயக்கம் கொடுத்துக் கண் அறுவை முதல் எலும்பு அறுவை வரை செய்யப்படுகிறது. அவை எழுந்து வாரக்கணக்கில் கண்காணிக்கப்படுகின்றன. மனிதனுக்காகச் செய்யும் ஆய்வில் மயக்கத்தைத் தாங்கும் உயிர், தன் நோய்க்கு மருத்துவம் தேவைப்படும்போது மட்டும் தாங்காத உயிராகிவிடுமா? அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய ஹவுஸ் ராபிட் சொசைட்டி, மீட்டெடுக்கும் முயல்களைக் கருத்தடை செய்த பிறகே வீடுகளுக்குக் கொடுக்கும் அமைப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முயல்களுக்கு அறுவை செய்ததில் மயக்கத்தால் நேர்ந்த இறப்பு சுமார் 0.1 சதவீதம் என்று அது சொல்கிறது. பிரிட்டனின் சராசரியோடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. முயலை அறிந்த மருத்துவர், இளம் வயது, சரியான பின்கவனிப்பு ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் எண் இப்படி இறங்குகிறது.

முயலுக்கு ஆபத்து கூடுதல் என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. வாய் குறுகியது, நாக்கு பெரியது, குரல்வளையின் திறப்பு கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கும்; மூச்சுக் குழாயைப் பொருத்துவது கடினம். பார்வைக்கு நன்றாக இருக்கும் பல முயல்களின் நுரையீரலில் பாஸ்சுரெல்லா கிருமியின் பழைய தொற்று ஒளிந்திருக்கும். நாய்க்குக் கொடுக்கும் அட்ரோபின் பல முயல்களில் சரியாக வேலை செய்யாது, அதைச் சிதைக்கும் நொதி அவற்றின் ரத்தத்திலேயே இருப்பதால். மாற்று மருந்தாகக் கிளைகோபைரோலேட் இருக்கிறது. இவை அனைத்தும் மருத்துவர் கற்றுக்கொண்டு கடக்கக்கூடியவை.

இனி, அறுவைக்கு முன்னும் பின்னும் வீடுகளில் நடக்கும் தவறுகளுக்கு வருவோம். மயக்க மருந்தின் மேல் பழி விழுந்துகொண்டே இருப்பதால்தான் இவை யார் கண்ணிலும் படுவதில்லை.

"ராத்திரி பத்து மணிக்கு மேல தண்ணிகூடக் குடுக்காதீங்க" என்ற அறிவுரை மனிதர்களுக்கும் நாய்களுக்கும் உரியது. மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதே அதன் நோக்கம். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. பட்டினி போட்டாலும் அதன் இரைப்பை காலியாவதில்லை. முயலின் குடல், நார்ச்சத்து தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் ஓடும். பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் பெரிய பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அந்த நாரை நொதிக்க வைத்து முயலுக்கு ஆற்றல் தருகின்றன. வரத்து நின்றால் குடலின் அசைவு தளர்கிறது. உள்ளிருப்பது காய்ந்து இறுகுகிறது. வாயுவை உண்டாக்கும் கிருமிகள் பெருகுகின்றன. வயிறு உப்பி வலிக்கிறது. வலியால் முயல் இன்னும் சாப்பிடாமல் ஒதுங்குகிறது. கொழுத்த முயலாக இருந்தால் உடலின் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்த் தேங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. முதல் நாள் இரவே பட்டினி போட்டு அறுவைக்குக் கொண்டுபோவது, இந்தச் சுழலை மேசைக்குப் போகும் முன்பே தொடங்கிவைப்பதாகும். வாயில் உணவுத் துணுக்கு இல்லாமல் இருப்பதற்காக ஒரு மணி நேரத்துக்கு முன் உணவை எடுத்துவிட்டால் போதும்.

அறுவை முடிந்து வீடு வந்த பிறகு "அதுவா பசிச்சா சாப்பிடும், தொந்தரவு செய்யாதீங்க" என்பார்கள். நாய்க்கு இது சரி. நாய் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. முயலுக்கு அந்த ஒரு நாள்தான் எல்லாம். விழித்துச் சில மணி நேரத்தில் அது ஏதாவது கொறிக்க வேண்டும். கொத்தமல்லித் தழை, முள்ளங்கிக் கீரை, அறுகம்புல் என்று வாசனையுள்ள பச்சையை மூக்கருகே வைத்தால் பல முயல்கள் அதில்தான் முதல் வாய் வைக்கும். காய்ந்த புல் எப்போதும் அருகில் கிடக்க வேண்டும். அப்படியும் தொடாவிட்டால், மருத்துவர் சொன்ன அளவில், நீரில் ஊறவைத்துக் குழைத்த முயல் தீவனத்தையோ இதற்கென்றே விற்கும் நார்ச்சத்து மாவையோ சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே உள்ள வெற்றிடம் வழியாகப் பக்கவாட்டில் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். முயல் நான்கு காலில் நிமிர்ந்து இருக்க வேண்டும். குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டுவது கூடாது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மல்லாக்கப் படுத்த முயல் அசையாமல் கிடப்பதைச் சுகம் என்று எண்ணுகிறார்கள், அது அச்சத்தால் வரும் விறைப்பு. வயிறு உப்பி மத்தளம்போல இறுகியிருந்தால் ஊட்டாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

எதை நம்புவது என்று கேட்டால், புழுக்கையை நம்பலாம். அறுவைக்குப் பிறகு முதலில் வருவது சிறிதாக, குறைவாக, கோணலாக இருக்கலாம், அது இயல்பு. நாள் ஆக ஆக அளவும் எண்ணிக்கையும் கூட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருக்கும் முயல் அவசர நோயாளி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் அது இல்லாமல் போகலாம்.

வலியைப் பற்றிய எண்ணம்தான் எல்லாவற்றிலும் கொடியது. "சத்தம் போடவே இல்ல, வலி இல்ல போல" என்று மனிதர் நிம்மதி அடைகிறார். முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் விலங்கு; வலியைக் காட்டிக்கொள்ளும் முயல் காட்டில் முதலில் பிடிபடும். அதனால் அது மூலையில் ஒடுங்கி அமைதியாக இருக்கும். அந்த அமைதியை ஓய்வு என்று படிப்பது பெரும் பிழை. வலியைப் படிக்க வழி இல்லாமலும் இல்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, காதில் பச்சை குத்தப்படும் முயல்களின் முகத்தைப் படமெடுத்து ஆராய்ந்து ஓர் அளவுகோலை வகுத்தது. கண் எவ்வளவு சுருங்குகிறது, கன்னம் எவ்வளவு தட்டையாகிறது, மூக்குத் துளையின் வடிவம், மீசை மயிரின் நிலை, காதின் நிலை ஆகிய ஐந்தும் அதில் மதிப்பெண் பெறுகின்றன. இதோடு, முதுகைக் கூன்போட்டு உட்காருவது, வயிற்றைத் தரையோடு அழுத்துவது, பல்லைச் சத்தமாக நறநறவென்று கடிப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் வீட்டில் இருப்பவரே கணித்துவிடலாம்.

வலி மருந்து கொடுத்தால் குடல் நின்றுவிடும், கொடுக்காமல் இருப்பதே நல்லது என்று வாதிடுபவர்களும் உண்டு. ஓபியாய்டு வகை மருந்துகள் குடலைச் சற்றே மந்தமாக்கலாம் என்பது உண்மை. ஆனால் வலியே குடலை அதைவிடக் கடுமையாக நிறுத்துகிறது. "வலி இருந்தால்தான் துள்ளாமல் கிடக்கும், தையல் பிரியாது" என்ற வாதத்துக்கும் இதே பதில்: அசையாமல் கிடக்கும் முயல் சாப்பிடாமல் கிடக்கிறது. மருந்து கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்க, 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, பாதுகாப்பான மாற்றாக முன்வைக்கப்பட்டது மெலாக்சிகாம். இன்று கால்நடை மருத்துவத்தில் அது பரவலாகப் புழங்கும் மருந்து. முயலின் உடல் அதை வேகமாக வெளியேற்றுவதால் எடைக்கு எடை நாயைவிட அதிக அளவு தேவைப்படுகிறது. நாய்க்கான அளவிலேயே கொடுத்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை, முயல் தாங்கவில்லை என்று முடிவு கட்டுவது நியாயமல்ல. அளவை முயலை அறிந்த மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் மனித மாத்திரையை உடைத்துப் போடக் கூடாது.

வீட்டு மருந்துப் பெட்டியின் இன்னொரு ஆபத்தும் இங்கே உண்டு. தையல் புண் பழுக்காமல் இருக்க என்று, குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பில் மீந்ததை முயலின் வாயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வாய்வழியாகப் போகும் பென்சிலின் வகை மருந்துகள், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவை முயலின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சைச் சுரக்கும் கிருமிகளுக்கு இடம்விடுகின்றன. முயல் கழிச்சலோடு சில நாளில் சாகிறது. அந்தச் சாவும் மயக்க ஊசியின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

வெப்பத்தைப் பற்றி ஒரு நியாயமான மறுப்பு வரும். "சென்னை வெயிலில் முயலுக்குச் சூடு வேறு கொடுக்கச் சொல்கிறீர்களா?" முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. குளிரூட்டப்பட்ட அறுவை அறையில், வயிற்று மயிரை மழித்து, ஸ்பிரிட் தடவி, அரை மணி நேரம் அசையாமல் கிடந்த இரண்டு கிலோ உடம்பு, வெளியே என்ன வெயில் அடித்தாலும் குளிர்ந்துதான் போயிருக்கும். மருத்துவமனைக்கு வந்த 316 முயல்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், குளிர்ந்த உடம்போடு வந்தவை இறக்கும் ஆபத்து மற்றவற்றைப் போல மூன்று மடங்காக இருந்தது. அவை அறுவை முடிந்த முயல்கள் அல்ல, நோயோடு வந்தவை. ஆனாலும் சூடு இழந்த முயல் எந்த விளிம்பில் நிற்கிறது என்பதை அந்த எண் காட்டுகிறது. ஆகவே விழித்து நிமிரும்வரை துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் அருகில் இருக்க வேண்டும், முயல் விலகிப்போக இடமும் இருக்க வேண்டும். விழித்து நடமாடத் தொடங்கியதும் சூட்டை எடுத்துவிட்டு, மின்விசிறி நேரே படாத குளிர்ச்சியான அறைக்கு மாற்ற வேண்டும். முயலுக்கு வியர்ப்பதில்லை, காதுகள் வழியாகத்தான் பெரும்பாலும் வெப்பம் வெளியேறும். மே மாதத்து மொட்டை மாடிக் கூண்டில் அறுவை முடிந்த முயலை வைப்பது கொலைக்குச் சமம்.

நாய்க்கு மாட்டுவதுபோல முயலுக்கும் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி அனுப்புவதும் வழக்கமாகியிருக்கிறது. முயல் தன் குடலிலிருந்து வரும் மென்மையான உருண்டைகளை நேரடியாக வாயில் வாங்கித் திரும்ப உண்ணும் விலங்கு. ஊட்டச்சத்தின் ஒரு பகுதியே அதிலிருந்துதான் கிடைக்கிறது. கூம்பு அதைத் தடுத்துவிடும், அச்சத்தையும் கூட்டும். தோலுக்கு அடியில் மறையும்படி தையல் போட்டு, வலியைச் சரியாக அடக்கினால் பெரும்பாலான முயல்களுக்குக் கூம்பே தேவைப்படாது. படுக்கையில் மணலோ மரத்தூளோ வேண்டாம், சுத்தமான துண்டு போதும். ஜோடியாக வளர்ந்த முயல் என்றால் துணையைப் பல நாள் பிரித்துவைக்காமல், காயத்தைக் கிளறாதபடி பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே விடலாம். விதை நீக்கப்பட்ட ஆண் முயல் மட்டும் நான்கு முதல் ஆறு வாரம்வரை சினைப்படுத்தக்கூடியது; அதுவரை கருத்தடை செய்யாத பெண் முயலிடம் விடக் கூடாது.

"சில நூறு ரூபாய்க்கு வாங்கிய முயலுக்குச் சில ஆயிரம் செலவா" என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. அதை வெளிப்படையாகக் கேட்பவரோடு பேசலாம். கையில் பணமில்லாத குடும்பத்தின் சங்கடம் உண்மையானது. ஆனால் பணம் இருந்தும் "மயக்க ஊசி தாங்காது" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வேறு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தன் பொறுப்பில் இருக்கும் விலங்கின் நலனுக்கும் அது தேவையின்றித் துன்பப்படாமல் தடுப்பதற்கும் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுப்பது கடமை என்று மூன்றாம் பிரிவிலேயே சொல்கிறது. விலங்கின் விலையைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

மருத்துவர்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. வளர்ப்பவர் அறுவைக்கு முன்பே இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: பட்டினி போடச் சொல்கிறீர்களா, எந்த வலி மருந்து எத்தனை நாளுக்கு, விழிக்கும்வரை பக்கத்தில் யார் இருப்பார், உடல் வெப்பத்தை எத்தனை முறை பார்ப்பீர்கள், நள்ளிரவில் சாப்பிடாமல் கிடந்தால் எந்த எண்ணை அழைப்பது? இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் முயலை ஒப்படைக்கக் கூடாது. பதில் சொல்லும் மருத்துவமனைகள் இன்னும் ஒன்று செய்யலாம். முயலைத் திருப்பிக் கொடுக்கும்போது பில்லோடு தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் சேர்த்துக் கொடுக்கலாம்: மருந்தின் பெயர், அளவு, கொடுக்க வேண்டிய நேரம், சிரிஞ்சில் ஊட்டும் முறை, பன்னிரண்டு மணி நேர எச்சரிக்கை, கொடுக்கவே கூடாத மருந்துகளின் பட்டியல். அச்சிடுவதற்கு ஆகும் செலவு ஒன்றிரண்டு ரூபாய்.